என் வாயால் ஓர் அழைப்பு

என் நம்பரிலிருந்து யாருக்காவது அழைப்பு போனால், அவர்கள் போன் திரையில் 'மோசடி அழைப்பாக இருக்கலாம்' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. இதைக் கண்டுபிடித்தவன் என் மகன். ஒரு நாள் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தன் போனைக் காட்டி, "அத்தா, உங்கள ஊருல நெறைய பேரு ஸ்கேமர்னு ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க" என்றான். அவன் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். பயல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

நான் யாரையும் ஏமாற்றியவன் இல்லை. மலேசியாவில், மூவார் என்கிற ஊரில் ஆற்றோரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கில் இறால் கொஞ்சம் குறைந்தால் அதற்குப் பெயர் வியாபாரம், மோசடி இல்லை. என் குற்றமெல்லாம் என் குரல்தான். தொண்டையில் புற்றுநோய் வந்து, டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துக்கு அடியில் ஓர் ஓட்டை போட்டு, இனி மூச்சு இதன் வழியாகத்தான் என்றார்கள். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச்லைட் அளவு இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்திப் பட்டனைப் பிடித்தால் 'ங்ஙொய்ங்' என்று அதிரும். உதட்டையும் நாக்கையும் வழக்கம்போல அசைத்தால் அந்த அதிர்வு வார்த்தையாக வெளியே வரும். வீட்டில் அதற்கு டார்ச்லைட் என்றே பேராகிவிட்டது. "டார்ச்லைட்ட சார்ஜ் போட்டீங்களா" என்று மனைவி கேட்டால், இன்று நான் நிறையப் பேசியிருக்கிறேன் என்று குத்திக்காட்டுகிறாள் என அர்த்தம்.

இந்தக் கருவிக்கு ஒரே சுருதிதான் தெரியும். கொஞ்சினாலும் அதே சத்தம், திட்டினாலும் அதே சத்தம். ஒரு காலத்தில் நான் கல்லாவில் இருந்து ஒரு அதட்டல் போட்டால் பின்கட்டில் ரொட்டி வீசுகிறவன் கையில் மாவு நிற்காது. இப்போது அவன் கருக்கிவிட்ட ரொட்டியைத் தூக்கிக் காட்டி, உடம்பெல்லாம் நடுங்க, "அறிவு இருக்காடா ஒனக்கு" என்று கேட்டால், லிஃப்டுக்குள் மாடி எண் சொல்கிற பெண்ணைப் போல நிதானமாக வருகிறது. அவனும் நிதானமாக, "இருக்கு பாஸ்" என்கிறான்.

ஆனாலும் நேரில் ஒருவாறு சமாளித்துவிடலாம். எதிரே இருப்பவர் என் முகத்தைப் பார்க்கிறார், வாய் அசைவதைப் பார்க்கிறார், கழுத்தில் கட்டியிருக்கும் துணியைப் பார்த்து கொஞ்சம் பரிதாபமும் படுகிறார். போனில் அந்த வசதி இல்லை. போனில் நான் வெறும் மிஷின். மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றுக்கு மதியச் சாப்பாடு எங்கள் கடையிலிருந்துதான் போகும். எத்தனை பொட்டலம் என்று கேட்கப் போன் போட்டேன். பல வருஷமாக என்னிடம் அன்பாகப் பேசிய மலாய்க்கார அக்கா, என் முதல் வார்த்தையிலேயே, இந்த மாதிரி ரோபோவை வைத்து எத்தனை பேரை ஏமாற்றுவீர்கள், அல்லா பார்த்துக்கொள்வான் என்று சபித்துவிட்டு வைத்துவிட்டார். கேஸ் சிலிண்டர் கடைக்காரன் சபிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பேங்க்ல இருந்தா? எனக்குப் பேங்க்ல காசே இல்ல லா" என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்தான்.

ஒரு சேவை மையத்துக்கு அழைத்தபோது, எடுத்ததும் அங்கேயும் ஒரு மிஷின். உங்கள் தேவையைக் குரலில் சொல்லுங்கள் என்றது. சொன்னேன். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. மறுபடி சொன்னேன். இரண்டு மிஷின்களும் வெகுநேரம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

இதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் உண்மையான மோசடிக்காரர்கள். ஒருத்தன் அழைத்து, உங்கள் பெயரில் வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது என்று மலாயில் ஆரம்பித்தான். நான் டார்ச்லைட்டை வைத்துக்கொண்டு அதே மலாயில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். மலாய் மொழிக்கு ஒன்றை அழுத்தவும்" என்றேன். பாவம், அவன் ஒன்றை அழுத்தினான். புகாருக்கு மூன்றை அழுத்தவும் என்றேன். அதையும் அழுத்தினான். பிறகு அவனுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சத்தம் இல்லையே தவிர, வயிறு நன்றாகவே வலித்தது.

இதனால் போன் பேசுகிற வேலை முழுவதும் மனைவியின் தலையில் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அவள் பேசுவாள். ஆனால் நான் சொல்வதை அல்ல. ஐஸ் கட்டி கொண்டுவருகிறவன் தாமதித்தால், "இந்தச் சோம்பேறிக் கழுதைய இனிமே நம்ம கடைப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லு" என்பேன். அவள் போனில், "தம்பி, வெயிலு ஜாஸ்தியா இருக்கு, பாத்து மெதுவா வாப்பா" என்பாள். என் கோபத்தை வடிகட்டி, சீனி போட்டு, ஆற்றித்தான் அனுப்புவாள். ஊரில் எனக்கு இப்போது நல்ல பெயர். அந்த மனுஷனுக்கு நோய் வந்த பிறகு குணம் எவ்வளவு மாறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதுதான் தொல்லை ஆகிவிட்டது.

பெண் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நல்ல பெண். என் டார்ச்லைட்டை வாங்கித் தன் தொண்டையில் வைத்துப் பார்த்து, "ஒர்க் ஆகுதே மாமா" என்று சிரித்தவள். எல்லாம் பொருந்தி வந்தது. எங்களுக்குத் தாலி மாதிரியான கருகமணியைக் கட்டுகிற விஷயம் மட்டும் தொங்கலில் நின்றது. எங்கள் பக்கம் நிக்காஹ் முடிந்ததும் மணப்பெண்ணின் கழுத்தில் கருகமணியைக் கட்டுவது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள். என் மகன் ஒற்றைப் பிள்ளை. அவனுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அப்படியானால் உரிமை என் உடன்பிறந்தவளுக்கு. என் லாத்தா, அதாவது என் அக்கா. என் மனைவியின் கழுத்தில் கட்டிய கையும் அதுதான். லாத்தா மூவாரில் பிறந்து, ராமநாதபுரம் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே இருக்கிறார். லாத்தா கட்டாத கருகமணியோடு ஒரு பெண் என் வீட்டுக்குள் வருவது எனக்குச் சம்மதமில்லை. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மனைவி லாத்தாவின் மகளுக்குப் போன் போட்டு அழைப்பைச் சொன்னாள். மறுநாள் அவளிடமிருந்து பதில் வந்தது. "உம்மா சொல்லச் சொன்னாங்க: என் தம்பி அவன் வாயால கூப்பிட்டா வர்றேன். பொண்டாட்டிய விட்டுக் கூப்பிட்டா அது அழைப்பு இல்ல."

லாத்தா சொன்னதில் தப்பில்லை. எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு உடன்பிறந்தவர்களை அழைப்பது வீட்டுத் தலைவனின் வாய்தான். அட்டை அனுப்பினாலும் சரி, ஆள் அனுப்பினாலும் சரி, அதெல்லாம் மற்றவர்களுக்கு. கோளாறு என்னவென்றால், என் குரல் போனது லாத்தாவுக்குத் தெரியாது. கடல் தாண்டிக் கெட்ட செய்தி அனுப்புவதில்லை என்பது எங்களைப் போன்ற குடும்பங்களில் எழுதாத சட்டம். அங்கே ஒருவர் மௌத்தாகியே போனாலும் இங்கே முதலில் 'உடம்பு கொஞ்சம் சுகமில்லை' என்றுதான் தகவல் வரும். லாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு. அதனால், "அவுகளுக்குத் தொண்டை கட்டியிருக்கு, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்று மனைவி சொல்லி, ஒரு வருஷமாக அந்தத் தொண்டைக் கட்டையே ஓட்டிக்கொண்டிருந்தாள். வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவதையும் தவிர்த்துவந்தோம். கழுத்தைப் பார்த்தால் கதை முடிந்தது.

"நானே பேசுறேன்" என்றேன்.

"அலமாக், வேணாங்க. மதினி பயந்துருவாங்க" என்றாள் மனைவி.

"லைன் சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

ஊரில் எல்லாரும் வைத்தது போல லாத்தாவும் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது? மற்றவன் வைத்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். லாத்தா வைத்தால் தாங்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. கடை சாத்தியிருக்கும் மதியம் பார்த்து, போனை ஒரு கையிலும் டார்ச்லைட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அழைத்தேன். மனைவி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு எதிரில் நின்றாள்.

நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் லாத்தாவின் பதில் ஸலாம் வந்துவிட்டது. "தம்பி, நல்லாருக்கியா? தொண்டை தேவலையா? வேளா வேளைக்குச் சாப்பிடு. வெந்நி குடி" என்று எப்போதும்போல ஒரே மூச்சில் கொட்டினார். என் குரலைக் கேட்டுத் திடுக்கிடவில்லை. யார் நீ என்று கேட்கவில்லை. போனை வைக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே என்னை மிஷின் என்று துரத்தும்போது, உடன்பிறந்த ரத்தத்துக்கு மட்டும் அடையாளம் தெரிகிறது பார் என்று மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நெகிழ்ச்சியோடு கல்யாணத் தேதியைச் சொல்லி, "நீங்க வந்து கருகமணி கட்டணும் லாத்தா, வருவீங்கள்ல" என்றேன்.

"ஆமாப்பா, இங்கயும் மழையே இல்ல" என்றார் லாத்தா. இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்தார்.

அடுத்த நாள் லாத்தாவின் மகள் அனுப்பிய செய்தி வந்தது. "உம்மா வருத்தமா இருக்காங்க மாமா. தம்பி பேசுனான், ஆனா கல்யாணத்துக்கு ஒரு வார்த்த கூப்பிடலன்னு சொல்றாங்க."

எனக்கு வந்த கோபத்தை எந்த டார்ச்லைட்டாலும் சொல்ல முடியாது. தேதியிலிருந்து மண்டபம் வரை ஒப்பித்தவன் நான். உடனே மறுபடி அழைத்தேன். மறுபடியும் அதே வேகத்தில் ஸலாம், அதே சாப்பாடு, அதே வெந்நீர். இந்தத் தடவை நான் நெகிழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நான் பேச நிறுத்துகிற இடத்தில் அவர் பேசவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து ஏதோ சொன்னார். எனக்குள் இருக்கும் பழைய போக்கிரி மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"லாத்தா, நேத்து நம்ம கடைக்குள்ள யானை புகுந்துருச்சு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அது போதும்ப்பா."

"ரெண்டு பரோட்டா தின்னுட்டு, காசு குடுக்காமப் போயிருச்சு."

"புள்ளைங்கன்னா அப்படித்தான். நீதான் அனுசரிச்சுப் போகணும்."

மனைவி என்னைப் பார்த்து முறைத்தாள். எனக்கு நிறுத்த மனமில்லை. "லாத்தா, நான் பக்கத்து ஊரு தங்காக்குல துணிக்கடை வச்சிருக்க ஒரு சீனத்திய ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்றேன்.

"ரொம்பச் சந்தோசம். அவளையும் கேட்டதாச் சொல்லு" என்றார் லாத்தா.

மனைவி போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். நான் டார்ச்லைட்டோடு மேசையைச் சுற்றி ஓடினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. என் புதுக் குரலைக் கேட்டு அதிராதவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். அதிராததற்குக் காரணம் பாசம் இல்லை. லாத்தாவுக்கு என் குரல் கேட்கவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். துரத்தி வந்த மனைவி என் முதுகில் முட்டிக்கொண்டாள்.

லாத்தாவின் மகளுக்கு எழுதினேன்: உம்மாவுக்குக் காது கேட்குமா, கேட்காதா? அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்தது. பிறகு பதில் நீளமாக வந்தது. இரண்டு காதும் போய்விட்டதாம். மிஷின் வாங்கிக் கொடுத்தார்களாம், கிழவியாக்கப் பார்க்கிறீர்களா என்று அலமாரியில் பூட்டிவிட்டாராம். வீட்டில் எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தே சமாளித்துவிடுவாராம். போன் வந்தால் தானே முந்திக்கொண்டு பேசித் தீர்த்துவிடுவாராம். மலேசியாவுக்கு மட்டும் தெரியவே கூடாது, தம்பி இருக்கிற உடம்புக்குக் கவலைப்படுவான் என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். 'நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாமா' என்று முடித்திருந்தாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேச முடியாதவன் ஒரு பக்கம், கேட்க முடியாதவர் ஒரு பக்கம், நடுவில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது போன். பிறகு கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் மறைக்கலாமா என்று மனைவியிடம் குதித்தேன். அவள் என் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் குதிக்க எனக்கு வாயில்லை.

அன்று மாலை, லாத்தாவை முகம் தெரிகிற மாதிரி உட்காரவைக்கும்படி அவர் மகளிடம் சொல்லிவிட்டுப் வீடியோவில் அழைத்தேன். திரையில் லாத்தா வந்தார். தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. கழுத்துத் துணியை அவிழ்த்தேன்.

லாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னடா இது" என்றார். மகள் அவரைத் தன் பக்கம் திருப்பி, வாயை மெதுவாக அசைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மகளின் வாயைப் பார்த்துக்கொண்டே லாத்தா அழுதார். அழுதுகொண்டே என்னைத் திட்டினார். "அறுத்துப் போட்டுட்டு ஒரு வருசமா தொண்டைக்கட்டுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சியா? நான் செத்தாப் போயிட்டேன்?"

நான் என் காதைத் தொட்டுக் காட்டி, விரலை அவரை நோக்கி நீட்டினேன்.

லாத்தாவின் திட்டு பாதியில் நின்றது. மகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, எனக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில் பேசினார். "நீ பேச மாட்டேன்னு தெரியும்டா. ஒரு வருசமாப் பேசல. என்ன கோவமோன்னு நெனச்சேன். அதான் ஓன் வாயால கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொன்னேன். நீ கூப்பிடாட்டி நான் வர வேணாம் பாரு. சபையில நாலு பேரு கூப்பிடுவாங்க, நான் திரும்பக்கூட மாட்டேன். எதையோ கேட்டா எதையோ சொல்லுவேன். மாப்பிள வீட்டு மாமிக்குக் காது செவிடுன்னு சிரிப்பாங்க. ஓம் மகன் கல்யாணத்துல அது எதுக்கு?"

எந்தச் சபைக்கும் முன்னால் போய் நின்று அதட்டுகிற என் லாத்தாவா இது? டார்ச்லைட்டைக் கையில் எடுத்தேன். அது இங்கே எதற்கு என்று உடனே புரிந்தது. மேசையில் வைத்துவிட்டு வாயை மட்டும் அசைத்தேன். வாங்க லாத்தா, நீங்க வந்து கட்டணும்.

லாத்தா திரைக்கு வெகு அருகில் வந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியல. மீசை மறைக்குது."

மறுபடி, இன்னும் அகலமாக வாயைத் திறந்து அசைத்தேன்.

"ஒரு காடு ஆடுற மாதிரி இருக்கு. போயி எடுத்துட்டு வா. வாயே தெரியாம என்னத்த வாயால கூப்பிடுறது?"

கல்யாணத்துக்கென்று வளர்த்து, தேங்காயெண்ணெய் தடவி, சாயம் பூசி வைத்திருந்த மீசை. நோயாளியாகப் படுத்திருந்தபோதுகூட நான் விடாத மீசை. மனைவி ரேஸரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் முகத்தில் தங்காக் சீனத்திக்கான பழி தீர்ந்துகொண்டிருந்தது. குளியலறைக் கண்ணாடியில் மீசை போன என்னைப் பார்த்தால் உரித்த கோழி மாதிரி இருந்தேன். அப்படியே வந்து திரை முன்னால் உட்கார்ந்தேன். லாத்தா அழுகையை மறந்து சிரித்தார். சிரித்து முடித்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அழைப்பை வாங்கிக்கொள்ள வேண்டியவர் இருக்க வேண்டிய மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் மெதுவாக வாயை அசைத்தேன். சத்தம் இல்லை. லாத்தா என் உதட்டையே பார்த்து, பிடிபட்ட ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொன்னார். "வாங்க... லாத்தா. எம் மகன்... கல்யாணத்துக்கு. நீங்க... வந்துதான்... கட்டணும்." நான் கூப்பிட்டேன். அது அவருடைய குரலில் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. மகன் வாசலில் வந்து நின்றான்.

"எல்லாரும் சிரிச்சா?" என்றார் லாத்தா.

சிரிக்கட்டும், நானும் ஒங்க பக்கத்துல நிப்பேன் என்று வாயசைத்தேன். அதையும் அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, வர்றேன்" என்றார். பிறகு, "இன்னொரு தடவ கூப்பிடு" என்றார்.

புரியலையா என்று வாயசைத்துக் கேட்டேன்.

"புரிஞ்சுச்சுடா. சும்மா, இன்னொரு தடவ கூப்பிடு."

நான் மறுபடி கூப்பிட்டேன்.